நின்றால் ஒழுகும் கார்

முதலில் அதை வெற்றிலைத் துப்பல் என்றுதான் நினைத்தேன். வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில், என் காருக்கு அடியில், அந்த வருடம்தான் பதித்த தரை ஓட்டின் மேல் சிவப்பாக ஒரு கையகல வட்டம். காவலாளியைக் கூப்பிட்டுக் கோபப்பட்டேன். அவர் குனிந்து விரலால் தொட்டு என் முகத்துக்கு நேரே நீட்டிச் சிங்களத்தில் சொன்னார்.

"தெல், நோனா, தெல்."

எண்ணெய்தான். கியர் பெட்டியில் ஊற்றும் சிவப்பு எண்ணெய்.

அந்தக் காருக்கு என்னைவிட இரண்டு வயதுதான் குறைவு. கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் நான் தட்டெழுத்து வேலை பார்த்த வழக்கறிஞருடையது அது. கண் பார்வை குறைந்து அவர் ஓட்டுவதை விட்டபோது எனக்கு விற்றார். தெருவில் நிறுத்தினால் ஆட்கள் அதன் வட்ட விளக்குகளோடு நின்று படம் எடுப்பார்கள். நான் அதை வாங்கியது அந்த அழகுக்காக இல்லை. அதில் கிளட்ச் கிடையாது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் இடது காலை முழங்காலுக்குக் கீழே சூம்பவைத்துவிட்டுப் போயிருந்தது. ஒட்டோமெட்டிக் கியர் உள்ள காரை ஓட்ட வலது கால் ஒன்றே போதும். முப்பத்தாறு வயதில் நான் முதல் தடவையாக யாருடைய கையையும் பிடிக்காமல் வேலைக்குப் போனது அந்தக் காரில்தான்.

எண்ணெய் ஒழுகத் தொடங்கிய நேரம் நான் காரைக் கடைசியாக வெளியே எடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கடைசி நாள், கொழும்பின் பெரிய தெருவான காலி வீதியில், சந்தைக்குக் கிட்ட ஒரு பஸ் என் பக்கக் கண்ணாடியை உரசிப் பிடுங்கிக்கொண்டு போனது. பெரிய விபத்து ஒன்றுமில்லை. ஆனால் பஸ்காரன் இறங்கி வந்து கத்தினான். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். காரை விட்டு இறங்கு என்றான். நான் இறங்கி நடந்ததைப் பார்த்ததும் அவன் வாயை மூடிக்கொண்டு போய்விட்டான். கூட்டத்தில் ஒருத்தர் மட்டும், "இந்தக் காலோட இவ ஏன் ஓட்டுறா?" என்று கேட்டார். கண்ணாடியை மாற்றினேன். காரை மட்டும் பிறகு எடுக்கவில்லை. வேலையிலிருந்து அப்போது ஓய்வு பெற்றிருந்தேன்; கடைக்கும் டொக்டரிடமும் போக த்ரீவீலர் இருந்தது.

தரைக் கறை பற்றி முதலில் முறையிட்டவர் கீழ்வீட்டு ஆசிரியை. கண்டிப்பான மனுசி. "ஒண்டில் திருத்துங்கோ, இல்லாட்டி குடுத்திடுங்கோ. ஓடாத காரை வச்சு என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்டார். கேட்ட கையோடு கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் எழுதித் தந்தார்.

நான் போன் எடுத்ததும் அந்த மெக்கானிக் அடுத்த நாள் காலையே வந்தார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, தோளில் ஒரு ரெக்சீன் பை. பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். புதியவர்களை நான் எப்போதும் உட்கார்ந்தபடிதான் சந்திப்பேன். சின்ன வயதிலிருந்து உள்ள பழக்கம். அன்றும் அவர் வருமுன்பே ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

காருக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு எழும்பி வந்தார்.

"அக்கா, நேராச் சொல்றன். இந்தப் பழைய ஒட்டோமெட்டிக் கியரோட மல்லுக்கட்டி வேலையில்ல. இத கழட்டிப்போட்டுட்டு நல்ல மெனுவல் கியர் ஒண்டு போட்டுத் தாறன். கொழும்பில எல்லாரும் அதத்தான் செய்றாங்க."

"வேண்டாம்."

"பெற்றோலும் மிச்சம் அக்கா."

"வேண்டாம் எண்டு சொன்னனான்."

"ஏன் அக்கா? கிளட்ச் மிதிக்கப் பஞ்சியா?"

சோம்பலா என்று அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு முகம் சுட்டது. கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றி மற்றப் பக்கம் வரைக்கும் நடந்து காட்டினேன். சேலைக்குள்ளே காலில் கட்டியிருந்த இரும்புச் சட்டம் வழக்கம்போல் சத்தம் போட்டது.

அவர் கையைத் துடைத்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதலே சொல்லியிருக்கலாந்தானே அக்கா."

"ஏன் சொல்ல வேணும்? எண்ணெய் ஒழுகுது எண்டுதான் கூப்பிட்டனான்."

"அதுவும் சரிதான்" என்றார். துணியைப் பைக்குள் வைத்துவிட்டு, "இந்த மாதிரி கியர் நான் ஒருநாளும் திறந்ததில்ல. பொய் சொல்ல ஏலா. ஆனா பார்க்கிறன்" என்றார்.

அந்த வார்த்தையை நம்பித்தான் நான் சம்மதித்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன மெக்கானிக்கை அதற்கு முன் நான் கண்டதில்லை.

முதல் முயற்சி பிழைத்தது. கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றிப் எண்ணெய் கசியாமல் அடைக்கும் புதுக் கஸ்கெட் வைத்து, ஆணிகளை ஒவ்வொன்றாக இறுக்கிவிட்டுப் போனார். இரண்டு நாள் தரை காய்ந்திருந்தது. மூன்றாம் நாள் மறுபடி சிவப்பு. ஆசிரியை கறையையும் என்னையும் பார்த்துவிட்டுப் படியேறிப் போனார். நான் மெக்கானிக்குக்குப் போன் எடுத்து, "விடுங்கோ தம்பி, வித்துடுறன்" என்றேன்.

"ஒரு கிழமை தாங்க அக்கா" என்று கெஞ்சினார்.

அந்தக் கிழமை முழுக்க ஒருநாள்விட்டு ஒருநாள் வந்தார். காரின் அடியில் பிஸ்கட் பெட்டி அட்டையை விரித்து, துளி விழுந்த இடங்களைப் பேனையால் வட்டமிட்டார். ஒரு தடவை காரை உறுமவிட்டுக் கீழே படுத்துக் கிடந்தார். அப்போது ஒரு துளியும் விழவில்லை. கடைசியாக ஒரு காலை, கீழ்வாசலில் நின்று என்னைக் கத்திக் கூப்பிட்டார்.

"அக்கா, விளங்கிட்டுது! ஓடேக்க ஒழுகுறதில்ல. நிக்கேக்கதான் ஒழுகுது."

எனக்கு விளங்கும்படி சொன்னார். கார் ஓடாமல் நாட்கணக்கில் நின்றால் மேலே இருக்கிற எண்ணெய் மெல்ல மெல்லக் கீழே இறங்கிப் பெட்டியில் நிறைகிறது. கியர் கம்பி உள்ளே போகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. எண்ணெய் அந்த உயரத்துக்கு ஏறியதும், காய்ந்து வெடித்துப்போன வளையத்தின் வழியாகக் கசிகிறது.

"ஒவ்வொரு நாளும் ஓட்டியிருந்தா உங்களுக்கு இது தெரிஞ்சே இருக்காது" என்றார்.

இந்தக் காருக்கென்று அந்த வளையம் இலங்கையில் கிடைக்காது. அவர் பழையதைக் கழற்றி, உள்ளளவும் வெளியளவும் எடுத்துக்கொண்டு வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினார். பின்னேரம் மழையில் நனைந்தபடி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தண்ணீர் பம்புக்குப் போடுகிற வளையமாம். அதே அளவு. எண்ணெய்க்குத் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னாராம்.

பொருத்தும்போது என்னை இருக்கையில் ஏறச் சொன்னார். அவர் கீழே கிடந்து சொல்லச் சொல்ல நான் கியர்த் தடியை நகர்த்த வேண்டும்.

"ரிவர்ஸ் போடுங்க."

போட்டேன்.

"நியூட்ரல். பொறுங்க, பொறுங்க. எத்தின வயசில அக்கா கால் இப்பிடி ஆனது?"

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவருக்கும் தெரியாது. அதனாலோ என்னவோ சொல்ல முடிந்தது. காய்ச்சல் வந்ததைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் போட்டி நடக்கும் நாட்களில் வீட்டில் நின்றதைச் சொன்னேன். பஸ்காரன் கதையையும், கூட்டத்தில் ஒருத்தர் கேட்ட கேள்வியையும் சொன்னேன். அந்தக் கேள்வியை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கீழே அவர் ஸ்பானரால் எதையோ இறுக்கும் சத்தம் கேட்டது.

"இப்ப டிரைவ்ல போடுங்க" என்றார். பிறகு, "பஸ்காரன்ட பிழைதானே அது" என்றார்.

எண்ணெய் அளவு பார்த்து முடிந்ததும், "ஒருக்கா ரோட்டில ஓட்டிப் பார்க்க வேணும்" என்றார்.

சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. தலையைச் சொறிந்தார்.

"எனக்கு ரோட்டில ஓட்டப் பயம் அக்கா. பதினெட்டு வயசில வத்தளைப் பக்கம் மோட்டர் சைக்கிள்ள அடிபட்டனான். பின்னால என்ட கூட்டாளி இருந்தவன்." கழுத்துச் சிலுவையை விரலால் பிடித்துக்கொண்டார். "கராஜ் ஒழுங்கைக்குள்ள மட்டும்தான் ஓட்டுவன். வெளிய ஓட்டிப் பார்க்க மச்சான வரச் சொல்றது. இண்டைக்கு அவர் இல்ல."

நான் அவரைப் பார்த்தேன். இத்தனை நாளும் ரெக்சீன் பையோடு அவர் ஏன் பஸ்ஸில் வந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

"ஏறுங்கோ" என்றேன்.

கடற்கரையோர மரைன் டிரைவுக்கு இறங்கும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மழை விட்டிருந்தது. பம்பலப்பிட்டி தாண்டுமட்டும் ஊர்ந்துதான் போனேன். அவர் இடது கையால் கதவுப் பிடியையும் வலது கையால் இருக்கையின் ஓரத்தையும் இறுக்கிப் பிடித்திருந்தார். கொள்ளுப்பிட்டியில் ஒரு பஸ் எங்களை ஒட்டி வந்தபோது, "யேசுவே!" என்று கத்தினார். நான் பிரேக் பிடித்தேன். பஸ் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று இருந்தேன்.

"திரும்புவமா?" என்று கேட்டேன்.

"கியர் நல்லா மாறுது அக்கா. ஓடுங்க."

கோட்டையைச் சுற்றித் துறைமுகத்துக் கண்டெய்னர் லொறிகளுக்கு நடுவே மெதுவாகப் போனோம். ஒவ்வொரு லொறிக்கும் அவர் கண்ணை மூடினார். மூடிக்கொண்டே, "சத்தம் ஒண்டும் இல்ல, நல்லா இருக்கு" என்று கியரைப் பற்றிச் சொன்னார்.

கொட்டாஞ்சேனையில் அவருடைய வீடும் கராஜும் ஒரே ஒடுங்கிய ஒழுங்கையில் இருந்தன. வாசலில் அவர் மனைவி நைட்டிக்கு மேல் துவாயைப் போட்டுக்கொண்டு நின்றார். கணவர் காரின் முன் இருக்கையிலிருந்து இறங்குவதைப் பார்த்து, "காலி ரோட்டாலயா வந்தீங்க?" என்று நம்பாமல் கேட்டார்.

"கடற்கரையால" என்றார் அவர், ஏதோ தானே ஓட்டி வந்தவர் போல.

தேநீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று இருவரும் வற்புறுத்தினார்கள். அவர்கள் வாசலுக்கு முன்னால் அகலமான ஒரு கழிவுநீர்க் கான் ஓடியது. அதைக் கடக்க ஒடுங்கிய ஒரு பலகை மட்டும். நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கை நீட்டவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் மூன்று பிளாஸ்டிக் கதிரைகளைத் தூக்கி வந்து, காருக்குப் பக்கத்தில் ஒழுங்கையிலேயே போட்டார். மனைவி இஞ்சி போட்ட பிளேன்டீயும் ஒரு தட்டில் மீன் வைத்த மாலு பணிசும் கொண்டு வந்தார். ஆட்களும் சைக்கிள்களும் எங்களைச் சுற்றிக்கொண்டு போக, மூவரும் அங்கேயே இருந்து குடித்தோம்.