முறை வைத்த முப்பது பேர்

விண்ணப்பம் வாங்குகிற வேலை என்பது, ஒருவர் இருபது வருடமாகப் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு அதை விரல் நீளக் கட்டத்துக்குள் எழுதுகிற வேலை. ‘இணைப்பு மூன்றைக் காணோம்’ என்று மேசைக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னவர்களுக்கும் அந்தப் பக்கமிருந்து கேட்டவர்களுக்கும் நான் விளக்கத் தேவையில்லை. நாமெல்லாம் ஒரே வரிசையில் கால் கடுக்க நின்றவர்கள்தானே.

நான் விருதுநகரில் தொழிலாளர் அலுவலகத்தில் குமாஸ்தா. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் வெளிநாட்டு லைட்டர் பெட்டிக்கடைதோறும் தொங்க ஆரம்பித்தது. கையால் தீப்பெட்டி செய்கிற கம்பெனிகளுக்கு ஆர்டர் குறைந்தது. இறக்குமதியால் வேலை போனவர்களுக்கு ஒரு வருடம் பாதிச் சம்பளம் தருவதாக ஒரு திட்டம் வந்தது. விண்ணப்பக் கட்டோடு என்னைச் சிவகாசிப் பக்கம் அனுப்பினார்கள். பெரிய உபகாரி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன்.

கேட்டுக்கு வெளியே

தாயில்பட்டி போகிற பாதையில் ஒரு கிராமம். அங்கே தீப்பெட்டித் தொழிற்சாலையை ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்பார்கள். மொத்தம் முப்பது பெண்கள். முதலில் வந்து உட்கார்ந்தவர் பேச்சியம்மாள். நாற்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை, மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ‘வேலை இழப்புக்குக் காரணம்’ என்ற கட்டத்தில் ‘லைட்டர் இறக்குமதி’ என்று எழுதினேன். லைட்டரை அவர் கையால் தொட்டே பார்த்ததில்லையாம். என் சட்டைப்பையில் ஒன்று இருந்தது. அவர்கள் பிழைப்பைக் கெடுத்த சாமானைப் பையில் வைத்துக்கொண்டு உதவி செய்ய வந்திருக்கிறேன்! அசட்டுச் சிரிப்போடு எடுத்து நீட்டினேன்.

பக்கத்தில் நின்ற கம்பெனிக் கணக்குப்பிள்ளை பதறிவிட்டார். தீப்பெட்டி ஆபீஸுக்குள் நெருப்பைக் கொண்டுவந்தவன் நான் ஒருவன்தான். முப்பது பேரும் என்னைக் கேட்டுக்கு வெளியே, ரோட்டைத் தாண்டிக் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். லைட்டர் கைமாறிக் கைமாறிப் போனது. நல்ல வசவு விழப்போகிறது என்று காத்திருந்தேன். பேச்சியம்மாள் பத்துப் பதினைந்து தடவை பற்றவைத்தார், அணைத்தார், வெயிலில் பிடித்து உள்ளே பார்த்தார். பிறகு துடைத்து என்னிடம் கொடுத்தார்.

“சொல்லக்கூடாது சார், நல்லாத்தான் செஞ்சிருக்காக. மழையில நமத்துப் போகாதுல்ல?”

தகுதி ஏதேனும் உண்டா

அடுத்த கட்டம், ‘தெரிந்த தொழில், தனித்திறமை’. பேச்சியம்மாள், “ஒண்ணுந் தெரியாது சார், குச்சி அடைக்கத்தான் தெரியும்” என்றார். அப்படியே ‘இல்லை’ என்று எழுதப் போனேன். அதற்குள் கணக்குப்பிள்ளை, “சாருக்கு ஒரு தடவ அடைச்சுக் காட்டு” என்றார்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே குச்சிக் குவியலில் கையை விட்டார், அள்ளினார், பெட்டிக்குள் தள்ளினார். ஐம்பது குச்சி இருக்க வேண்டுமாம். நான் பிரித்துக் கொட்டி எண்ணினேன். ஐம்பது. இன்னொரு பெட்டி. ஐம்பது. மூன்றாவதில் நாற்பத்தொன்பது வந்தபோது எனக்கு அற்பமாக ஒரு சந்தோஷம். அவர் குனிந்து என் செருப்பின் அடியிலிருந்து ஒரு குச்சியை எடுத்துப் போட்டார். இருபது வருடமாகக் கூட்டல் கணக்கில் தப்பு விட்டு மெமோ வாங்குகிறவன் நான். எப்படி அம்மா எண்ணாமலே வருகிறது என்று கேட்டேன்.

“எண்ணிக்கிட்டு இருந்தா எப்ப சார் வேல முடியும்?”

யாருக்கும் போகாத வேலை

எல்லாம் எழுதி முடித்து வருகைப் பதிவேட்டைக் கேட்டேன். வேலையே இல்லாமல் மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. பதிவேட்டில் முப்பது பேரில் ஒருவர் பெயர்கூட விடுபடவில்லை. எல்லாரும் வாரத்துக்கு இரண்டு நாள் வந்திருக்கிறார்கள், கோடு போட்டது போல மாற்றி மாற்றி.

கணக்குப்பிள்ளை விஷயத்தைச் சொன்னார். ஆர்டர் குறைந்ததும் முதலாளி, பத்துப் பேர் போதும், மற்றவர்கள் நின்றுகொள்ளுங்கள் என்றிருக்கிறார். மறுநாள் காலையில் பத்துப் பேர்தான் வந்தார்கள். அதற்கு அடுத்த நாளும் பத்துப் பேர், ஆனால் வேறு பத்துப் பேர். ஊர்க் கிணற்றில் தண்ணீருக்கு முறை வைப்பது போல வேலைக்கு முறை வைத்துவிட்டார்கள். பட்டினி என்று ஒருவரும் இல்லை, வயிறு நிறைந்தவர் என்றும் ஒருவரும் இல்லை. யாரும் வேலையை இழக்கவில்லை என்பதால் எங்கள் திட்டத்தில் யாருக்கும் இடமும் இல்லை. இப்படியும் மனுஷர்களா என்று மலைத்துப்போய் அதிகாரிக்கு போன் போட்டேன். அவர் மலைக்கவில்லை.

“வேலை குறைஞ்சா உதவி கிடையாதுப்பா, வேலை போனாத்தான் உதவி.”

பட்டியல்

வழி ஒன்றுதான் இருந்தது. இருபது பேர் அடியோடு நின்றுவிட வேண்டும். அவர்களுக்கு ஒரு வருடம் பாதிச் சம்பளம் கிடைக்கும், அதற்குப் பிறகு அவரவர் பாடு. மீதிப் பத்துப் பேருக்கு வாரம் முழுக்க வேலை. அந்த இருபது பேர் யார் என்று அவர்களே எழுதித் தரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் கொடுப்பார்கள், அதுவரை ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். மறுநாளே பட்டியல் தயார் என்று கூப்பிட்டுவிட்டார்கள்; போனேன்.

முதல் பெயர் பேச்சியம்மாள். அடுத்தடுத்து, அந்த ஆபீஸிலேயே கை வேகமான பத்தொன்பது பேர். இருக்கப்போகிற பத்துப் பேரும் மந்தம். பெட்டிக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிற ஆரோக்கியமேரியும் அதில் ஒருவர். கணக்குப்பிள்ளை தலையில் கைவைத்து, இவர்களை வைத்துக்கொண்டு லோடு என்றைக்கு ஏற்றுவது என்று புலம்பினார். பெண்களோ, பிடிக்காவிட்டால் பழையபடி முப்பது பேரும் முறை வைத்தே வருகிறோம் என்றார்கள். முப்பது பேருக்கும் போனஸ் கொடுப்பதற்கு இது மேல் என்று முதலாளி முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். உன் மகள் படிப்பை யோசித்தாயா அம்மா என்று பேச்சியம்மாளைத் தனியாகக் கேட்டேன்.

“ராத்திரியெல்லாம் யோசிச்சேன் சார். எங்கையி வேகமான கையி, எங்கன போனாலும் பொழச்சுக்கிடுவேன். மேரிக்கு இத விட்டா யாரு சார் வேல குடுப்பா?”

இரண்டு வயது

மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்து காட்டினார்கள். அதன் பிறகு உத்தரவு வந்தது. பத்தொன்பது பேருக்கு. பேச்சியம்மாளுக்கு ரேஷன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் இன்னொரு வயது. நிராகரித்துவிட்டார்கள். நான் அதிகாரியின் அறைக்கு நாலு தடவை நடந்தேன். இரண்டு வயது உள்ள ஆளுக்கு எந்த வயதுக்குப் பணம் கொடுப்பது என்று கேட்டு ஐந்தாவது தடவை கதவைச் சாத்திக்கொண்டார்.

உத்தரவு வாங்க எங்கள் அலுவலகத்துக்கு முப்பது பேரும் வந்திருந்தார்கள். வேலையில் இருக்கிற பத்துப் பேரும் ஒருநாள் லீவு போட்டு வந்திருந்தார்கள். பத்தொன்பது காகிதத்தைக் கொடுத்து முடித்ததும் என் கை மேசையிலேயே நின்றுவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

பின்னாலிருந்து ஆரோக்கியமேரி வந்தார். பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் என் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

“இதுக்கு எதுக்கு சார் நீங்க அழுகுறீக? நாளைலருந்து பேச்சியக்கா எங்ககூட வரட்டும். பத்துப் பேரு வேலைய பதினோரு பேரு முறை வச்சுக்கிடுறோம்.”

அந்த வருட அறிக்கையில் ‘எங்கள் அலுவலகத்தால் உதவி பெற்றவர்கள்: பத்தொன்பது’ என்று கூட்டல் பிசகாமல் எழுதினேன்; முப்பது பேர் முப்பது பேருக்கு உதவியதை எழுதத்தான் அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.