தட்டில் காட்டிய கொடுவா

அந்த ஓட்டலுக்கு நான் போனது மொத்தம் இரண்டு தடவை. முதல் தடவை காலேஜ் பசங்களோடு. மாமல்லபுரத்தில், படகுகளைக் கரையேற்றி வைத்திருக்கும் மணலைப் பார்த்தபடி மொட்டை மாடியில் மேஜைகள். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள். இறால் ரப்பர் மாதிரி இருந்தது. நண்டில் ஓடுதான் அதிகம். ஆறு பேரில் ஒருத்தன்கூட அதைச் சொல்லவில்லை. போட்டோ எடுத்தோம், 'செம்ம' என்று ஸ்டேட்டஸ் போட்டோம். நான் ஒரு படி மேலே போய் ஐந்து ஸ்டார் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் இறால் மறந்துபோச்சு. ஸ்டார்தான் மண்டையில் நின்றது.

இரண்டாவது தடவை அப்பாவோடு.

அப்பா ஸ்கூல் வேன் டிரைவர். நாக்கில் ஆறாத புண் என்று காட்டப் போனோம். டாக்டர் புற்று என்றார். முக்கால்வாசி நாக்கை எடுக்க வேண்டும், அதற்கப்புறம் சாப்பாடு குழாய் வழியாகத்தான், ருசியை மறந்துவிடுங்கள் என்று நேராகவே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அட்மிஷன். அதற்கு முந்தின சனிக்கிழமை, படூர் வீட்டு வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டே அப்பா கேட்டார்.

"மீன் துன்னணும்டா. கடப்பாக்கத்துல ஒரு அக்கா கொட்டாய் போட்டு வறுக்கும். சவாரி போவ சொல்ல அங்கதான் துன்னுவேன். போலாமா?"

"இன்னாப்பா நீ, ரோட்டோரத்துல குந்திகினு துன்றதா? நான் இட்டுகினு போறேன் பாரு ஒரு எடத்துக்கு. ஃபாரின்காரனே க்யூல நிக்கிறான்."

"காரம் போடாம குடுப்பானா? புண்ணுல பட்டா எரியுதுடா."

"சொன்னா செய்வாம்பா. அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

அப்பா வேன் துடைத்த துணியை உதறிக் காயப்போட்டார். உள்ளே போய், கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

அந்த ஓட்டலில் மெனு கார்டுக்கு முன்னால் மீன் வரும். ஐஸ் பரப்பிய பெரிய தட்டில் மீன்களைப் படுக்க வைத்து, சர்வர் மேஜை மேஜையாகக் கொண்டுவந்து காட்டுவார். நாம் கை காட்டுவதுதான் அடுப்புக்குப் போகும் என்பது பேச்சு. அப்பா குனிந்து ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். வாலில் பிறை மாதிரி கிழிந்திருந்த ஒரு கொடுவாவைத் தொட்டார்.

"இது இன்னிக்குப் புடிச்சதுடா," என்றார் என்னிடம். முகத்தில் சிரிப்பு. சர்வரைப் பார்த்து, "அண்ணாத்த, மொளகா வாணாம். உப்பும் மஞ்சளும் போதும்."

"ஓகே சார், நோ ஸ்பைஸ்."

வந்தது ரத்தச் சிவப்பில் வந்தது. தலையும் இல்லை, வாலும் இல்லை, நான்கு துண்டு. கலர் பொடி விரலில் ஒட்டியது. வாயில் வைத்தால் பழைய ஐஸ் வாடை. அப்பா ஒரு விள்ளல் வைத்தார். கண்ணில் நீர் கோத்தது. தண்ணீர் குடித்தார்.

"நல்லா கீதாப்பா?"

"நல்லா கீது. நீ துன்னு."

அப்போது பக்கத்து மேஜைக்குத் தட்டு வந்தது. ஐஸ் மேல் அதே கொடுவா. வாலில் அதே பிறைக் கிழிசல். ஒரு வெள்ளைக்காரம்மா அதைக் கை காட்ட, சர்வர் "வெரி ஃப்ரெஷ் மேடம்" என்று தலையாட்டினார்.

நான் பஸ்ஸில் சீட்டுக்கே சட்டையைப் பிடிக்கிறவன். நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். மேஜைக்கு அடியில் அப்பாவின் கை என் முட்டியை அழுத்தியது. அவரும் பார்த்துவிட்டிருந்தார்.

"குந்து நைனா. பேஜாரு பண்ணாத."

"ஏமாத்துறாம்பா."

"தெரியுது. இன்னிக்கு வாணாம்."

உட்கார்ந்துவிட்டேன். மணி ஒன்றுதான் ஆகியிருந்தது. வேன் கீழே நின்றது. கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் கடப்பாக்கம். அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை என்று இத்தனை நாளாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். பொய். தோன்றியது. எழுந்து போனால் நான் கூட்டிவந்த இடம் குப்பை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதனால் போனை எடுத்து நோண்டினேன். அவர் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துத் தட்டைக் காலி செய்தார். எனக்காக.

நான்கு மாதம் ஆகிறது. இப்போதும் தூங்கப் போனால் அந்த மீன் வருகிறது. ஒன்றும் செய்யாது, சும்மா மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருக்கும், கண் திறந்தபடி.

அப்பாவுக்கு மூக்கு வழியாகக் குழாய். பெரிய சிரிஞ்சில் கஞ்சி ஊற்றுவது என் வேலை. ஊற்றும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். கஞ்சி இறங்க இறங்க, அவர் தாடை மெதுவாக அசையும். வாயில் ஒன்றும் கிடையாது. ஆனாலும் மெல்லுகிறார். பக்கத்திலேயே எழுதிக் காட்டச் சிலேட்டு இருக்கிறது. எதை மெல்லுகிறாய் என்று நான் இதுவரை கேட்கவில்லை.