சிங்கமுகச் சோபா

கைப்பிடியில் சிங்கமுகம் செதுக்கிய சோபாவுக்கு, மரவேலை செய்யும் ஓடாவியார் வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார். அந்த வாடை பட்டதும் எனக்கு மறுபடியும் பத்து வயதாகிவிட்டது.

எனக்கு மூத்தவளான ராத்தாவின் கல்யாணத்துக்கு முன், மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள்தான் சாமான்களோடு வீடு கொடுக்க வேண்டும். புது வீட்டில் வாப்பா ஆசையோடு பிரம்புக் கதிரைகள் போட்டிருந்தார். மாமி அதில் இருக்கவில்லை. சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே சொன்னார்:

"இதிலயா என்ட மகன் இருக்கிற? சிங்கமுகச் சோபா போடுங்க."

சோபாவுக்காக வாப்பா சவளக்கடையிலிருந்த வயலை விற்றார். கல்யாண வீடு முழுக்க வார்னிஷ் மணத்தது. உம்மா குசினிக்குள், அடுப்படியில் அழுதுகொண்டிருந்தார்.

இன்று கல்முனையில் கடை என்னுடையது. சோபாக்களை வரைவதும், எந்த மொடலை நிறுத்துவதென்று முடிவெடுப்பதும் நான்தான்.

"இதோட சிங்கமுகத்த நிப்பாட்டுங்க," என்றேன்.

"கூட ஓடுற மொடல் அதுதானே, மகள்?" என்று திகைத்தார் ஓடாவியார்.

விலைப்பட்டியலில் அந்த மொடலை அடித்தேன். மாமியின் மகள் வயிற்றுப் பேத்திக்குக் கல்யாணம் பேசியிருப்பது எனக்குத் தெரியும்.

கடைசிச் சோபாவை வாங்கியவர் லொறியில் ஏற்றும்போது மாமி வந்துசேர்ந்தார்.

"அந்த மொடல் இனி இல்ல, மாமி."

"மாப்பிள்ளை ஊட்டார் அதத்தானே கேக்காங்க! நான் என்ன செய்யிற?"

"வாப்பாவும் இப்பிடித்தான் கேட்டாரு."

மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். கடை முழுக்க இந்த வருடத்துப் புது மொடல்தான் கிடந்தது: பிரம்புக் கதிரை.

ஒன்றை இழுத்துப் போட்டு, "இருங்க மாமி," என்றேன்.

இருந்தார்.