பக்கத்தில் உட்காராத அம்மாக்கள்

முதுகலைப் பட்டத்துக்காக ஆய்வைத் தொடங்கியபோது, அதன் முடிவு எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆதாரம் சேர்ப்பதுதான் பாக்கி என்பது என் எண்ணம்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், செடெனாக் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. பள்ளியைச் சுற்றி எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள் நின்றாலும், எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் தோட்ட வேலை செய்பவர்கள் இப்போது குறைவு. பலர் எல்லை கடந்து சிங்கப்பூர் தொழிற்சாலைகளுக்குத் தினமும் போய்வருகிறார்கள். பொழுது விடியுமுன் கிளம்பி, பொழுது சாய்ந்த பிறகு திரும்புகிறவர்கள். தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில் மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். ஆசிரியர் அறையில் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வோம். இவர்களுக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறையே இல்லை என்று அதிகமாகச் சொன்னவள் நான்தான்.

அதனால் ஆய்வுத் தலைப்பைத் தேடி எங்கும் அலையவில்லை. எல்லை கடந்து வேலைக்குப் போகும் பெற்றோர், பிள்ளைகளின் படிப்பில் எவ்வளவு பங்கெடுக்கிறார்கள் என்பதே தலைப்பு. வெளிநாட்டுப் பாடநூல் ஒன்றில் இருந்த வினாநிரலை எடுத்து, தமிழில் எழுதி, வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பினேன். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்துக்கு உதவுகிறீர்களா? பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் இருக்கிறீர்களா? பள்ளிக் கூட்டங்களுக்கு வருகிறீர்களா? ஒவ்வொன்றுக்கும் எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்று மூன்று கட்டங்கள்.

திரும்பி வந்த தாள்களில் ஒன்று என்னை நிறுத்தியது. எல்லாக் கேள்விக்கும் ‘ஒருபோதும் இல்லை’. அவசரத்தில் கிறுக்கியதாகத் தெரியவில்லை. நீல மையில், கட்டத்தை விட்டு வெளியே போகாமல், பொறுமையாகப் போட்ட குறிகள். நான்காம் ஆண்டில் படிக்கும் ஒரு சிறுமியின் அம்மா நிரப்பியது. அந்தச் சிறுமிக்கு முந்தைய ஆண்டு நான்தான் வகுப்பாசிரியை. இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது என்று அந்த அம்மாவை நேர்காணல் பட்டியலில் சேர்த்தேன்.

மூன்று முறை நாள் குறித்து மூன்று முறையும் தள்ளிப் போனது. ஓவர்டைம் வந்துவிட்டது என்று ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்புவார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கூலாயில் அவர் வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடியின் ஐந்தாவது மாடி. கணவர் லாரி ஓட்டுநர், வடக்கே போயிருந்தார். மகள் கீழ்த்தளத்தில் அத்தை வீட்டில் இருந்தாள். பள்ளி விட்டதும் தினமும் அவள் இருக்கும் இடம் அதுதான் என்றார்.

என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, ஒலிப்பதிவுக் கருவிக்கு முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கேட்டேன், அவர் இல்லை என்றார். மறுபடி கேட்டேன், மறுபடி இல்லை. உதவ ஆசையிருக்கிறதா என்று கேட்டதற்கு மட்டும் இருக்கு டீச்சர் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் கேள்விகள் தீர்ந்துபோயின. நன்றி சொல்லிக் கருவியை எடுக்கக் கை நீட்டியபோது அவருடைய கைப்பேசி ஒலித்தது.

புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், ஒரு குரல் பதிவு. என்னிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு அதைப் போட்டார். மகளின் குரல். மலாய்ப் பாடப் பகுதி ஒன்றை நிறுத்தி நிறுத்தி வாசித்துக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு கைப்பேசியை வாயருகே கொண்டுபோய், “ரெண்டாவது வரி திரும்ப வாசிம்மா. கடைசி வார்த்தைய முழுங்கிட்ட,” என்று பதில் அனுப்பினார். கீழே இருக்கிற பிள்ளை மேலே ஏறி வந்தே வாசித்துக் காட்டியிருக்கலாம். பழக்கம் அப்படியாகிவிட்டது.

இது என்ன என்று கேட்டேன். தினமும் நடப்பதுதான் என்றார். வேலை முடிந்து பேருந்தில் ஏறியதும் மகள் அன்றைய பாடத்தை வாசித்து அனுப்புவாள். இவர் கேட்பார், திருத்துவார், மறுபடி அனுப்பச் சொல்வார். வாய்ப்பாடு, எழுத்துக்கூட்டல், கட்டுரை என்று எல்லாம் அப்படித்தான். வீடு வந்து சேர்வதற்குள் பாடம் முடிந்துவிடும். ஒன்றாம் ஆண்டிலிருந்தே நடக்கிறது.

அப்படியானால் ஏன் எல்லாவற்றுக்கும் இல்லை என்று குறித்தீர்கள் என்று கேட்டபோது என் குரலே எனக்குக் கொஞ்சம் வினோதமாக இருந்தது.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றீங்களான்னுதான டீச்சர் கேட்டிருந்தீங்க? நான் எங்க பக்கத்துல உக்கார்றேன்? நான் பஸ்ல உக்காந்திருக்கேன். பொய்யா டிக் போட முடியுமா?”

பக்கத்தில் என்ற அந்த ஒரு சொல். அதை எழுதியவள் நான். அவர் கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார். கேள்விதான் பிழை. என் ஆய்வு என் கண் முன்னாலேயே சரிந்துகொண்டிருந்தது, எனக்கோ எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. நீங்கள் மட்டும்தான் இப்படிச் செய்கிறீர்களா என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர், எங்க பஸ்ல முக்கால்வாசிப் பேரு இப்படித்தான். இது படிப்பெல்லாம் இல்ல லா, சும்மா பேசுறதுதான்.”

அன்று வீடு திரும்பும்போது வெளியேற வேண்டிய சாலையைத் தவறவிட்டு, அடுத்த ஊர் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன். வழியெல்லாம் எனக்கு நானே சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் பல்கலைக்கழகத்தில் என் மேற்பார்வையாளரைப் பார்த்தேன். அவர் மலாய்க்காரர், அதிகம் பேசாத அம்மையார். நான் மூச்சு விடாமல் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, வினாநிரலை எடுத்து, நேரில் இருப்பதை மட்டும் கேட்கும் கேள்விகளையெல்லாம் பென்சிலால் சுழித்தார். தாள் முழுக்கச் சுழிகள். இதே தரவை வைத்து எழுதினால் குறித்த காலத்தில் முடித்துவிடலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை, ஆனால் எழுதுவது உண்மையாக இருக்காது என்றார். புதிதாகத் தொடங்கினால் இன்னும் ஒரு பருவம் கூடுதலாகும். நீங்களே முடிவு செய்யுங்கள் என்று தாளை என் பக்கம் தள்ளினார். பேருந்தில் போய்ப் பார்க்க அனுமதிப் படிவம் எங்கே கிடைக்கும் என்று நான் கேட்டேன். அன்றுதான் அவர் சிரிப்பதை முதல் முறையாகப் பார்த்தேன்.

அனுமதி கிடைக்கச் சில வாரங்களாயின. அதற்குள் அந்த அம்மா பேருந்து ஓட்டுநரிடமும் கூட வரும் பெண்களிடமும் பேசி வைத்திருந்தார். ஒரு மாலை, ஜொகூர் பாருவில் எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் வருகிற நிறுத்தத்தில் அவர்களோடு ஏறிக்கொண்டேன். ஏழு மணியாகியும் வெளிச்சம் இருந்தது. வழியில் தெப்ராவில் சிலரை இறக்கிவிட்டுக் கூலாய்க்குப் போகும் பேருந்து. சாலை நெரிசலில் நகர்ந்து போய்ச் சேர நெடுநேரம் ஆகும்.

முதலில் தூங்கும் பெண்களைத்தான் பார்த்தேன். பேருந்து நகரத் தொடங்கியதும் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எனக்கு முன்னால் இருந்தவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஏழாம் வாய்ப்பாட்டை உதடு அசையக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவர், தமிழில் லகர ளகர வேறுபாட்டை மகனுக்கு விளக்க முடியாமல், இரண்டு இருக்கை தள்ளியிருந்த தோழியிடம் கைப்பேசியைக் கைமாற்றினார். அந்தத் தோழி, “நாக்க மடிச்சுச் சொல்லுடா கண்ணா,” என்று யார் பிள்ளைக்கோ சொல்லிக் கொடுத்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பி அனுப்பினார்.

நான் தேடி வந்த அம்மாவின் அருகில் தலையில் முக்காடிட்ட ஒரு மலாய்ப் பெண் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அவரைக் கக்காக் என்றே கூப்பிட்டார்கள். அக்கா என்பதற்கு மலாய்ச் சொல் அது. அன்று சிறுமி வாசித்து அனுப்பிய பகுதியில் ‘மெஙுஞ்சுஙி’ என்ற சொல் வந்தது. போய்ப் பார்ப்பது என்று பொருள். அது அவள் வாயில் நுழையவில்லை. அம்மாவுக்கும் சரியாக வரவில்லை. கக்காக் கைப்பேசியை வாங்கி, அந்தச் சொல்லை நாலாகப் பிட்டு, மெதுவாகச் சொல்லி, “பெலான்-பெலான், சாயாங்,” என்று கொஞ்சலாக முடித்தார். மெதுவாகச் சொல்லு செல்லம் என்று. சற்று நேரத்தில் பதில் வந்தது. சிறுமி அந்தச் சொல்லை முழுசாகச் சொல்லிவிட்டு, தானாகவே இன்னொரு முறையும் சொல்லியிருந்தாள். சுற்றியிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குக் குறிப்பெடுக்கக் கை போதவில்லை. எழுத்து கோணல் மாணலாக ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாரும் சம்மதித்துவிடவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒருவர், தன் பிள்ளை தடுமாறி வாசிப்பதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் குறிப்பேட்டை மூடிவிட்டு முன்பக்கம் வந்துவிட்டேன். அவரைப் பற்றி இதற்கு மேல் இங்கேயும் எழுதவில்லை.

நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு, என் உற்சாகத்தில் அந்த அம்மாவிடம் நான் அளவுக்கு மீறிப் பேசிவிட்டேன். இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா, பள்ளியில் ஒருவருக்குமே இது தெரியாது என்றெல்லாம் சொன்னேன். அவர் சன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“போன வருஷம் ரிப்போர்ட்ல நீங்க எழுதியிருந்தீங்க டீச்சர். பெற்றோரின் கவனிப்புத் தேவைன்னு. அத இந்த சீட்லதான் உக்காந்து படிச்சேன். ரெண்டு நாளு நான் யார்கூடவும் பேசல. வாய்ஸ் மெசேஜ மட்டும் நிறுத்தல.”

எழுதியது எனக்கு நினைவிருந்தது. அந்த ஆண்டு இன்னும் பல பிள்ளைகளுக்கும் அதையேதான் எழுதினேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன், தெரியாமல் எழுதிவிட்டேன் என்றேன். அவர் பரவாயில்லை என்று சொல்லிவிடவில்லை. “இப்ப வந்து பாத்துட்டீங்க இல்ல,” என்றார். அதோடு, அதையும் ஆய்வில் எழுதுவீர்களா என்று கேட்டார். எழுதுவேன் என்றேன். எழுதினேன். ஆய்வாளர் தன்னைப் பற்றிச் சொல்லும் பகுதி என்று ஒன்று உண்டு. பலர் அதை அரைப் பக்கத்தில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது நீண்டுவிட்டது.

புதிய வினாநிரலை அந்தப் பேருந்துப் பெண்கள் சிலரோடு சேர்ந்தே எழுதினேன். எப்போது, எங்கிருந்து, எதன் வழியாக, யார் உதவியோடு என்று கேட்டோம். இந்த முறை தாள்கள் ஓரமெல்லாம் எழுத்தோடு திரும்பி வந்தன. கட்டம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதியிருந்தார்கள். ஓர் அப்பா, தொழிற்சாலை உணவு இடைவேளையில் மகனின் கணக்கைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லித் திருத்துவதாக எழுதியிருந்தார். பள்ளி விட்டதும் கடைசி மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். காவலாளி வந்து கதவைப் பூட்ட வேண்டும் என்று இரண்டு முறை நினைவுபடுத்தினார்.

ஆசிரியர் அறையில் எல்லாரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. குரல் பதிவு அனுப்பினால் மதிப்பெண் ஏறிவிடுமா என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஏறும் என்று என் ஆய்வு சொல்லவில்லை, அக்கறை இல்லை என்று நாம் சொல்லிவந்தது தவறு என்பதை மட்டும்தான் சொல்கிறது என்று பதில் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, தன் வகுப்புப் பெற்றோருக்கும் தாள் கொடுக்கச் சம்மதித்தார். தலைமையாசிரியரிடம் போய், அறிக்கை நாளை ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு பேசி ஒத்துக்கொண்டார்.

வாய்மொழித் தேர்வில் என்னைக் குடைந்து எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது, அல்லது பதில் இல்லை என்று சொல்லும் துணிவு இருந்தது. சில திருத்தங்களோடு தேர்ச்சி என்று சொன்னபோது, என் மேற்பார்வையாளர் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அதற்கடுத்த மாதம் அந்த ஞாயிறு வந்தது. மண்டபம் நிரம்பி வழிந்தது என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. ஞாயிறும் வேலை பார்ப்பவர்கள் வரவில்லை. ஆனால் அதுவரை நான் பார்த்தே இராத பல முகங்கள் வந்திருந்தன. ஒன்பதரை மணி வாக்கில் அந்த அம்மா மகளோடு வந்தார். பின்னாலேயே கக்காக்கும் வந்திருந்தார், கையில் பலகாரப் பெட்டியோடு. இத்தனை நாளாகக் குரல் மட்டும் கேட்ட பிள்ளையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாராம். முகம் தெரியாதவரைக் கண்டு சிறுமி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். கக்காக் குனிந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குரல் கேட்ட அந்தக் கணமே பிள்ளை வெளியே வந்து, அவர் கையைப் பிடித்துத் தன் வகுப்பறை எந்தப் பக்கம் என்று காட்ட இழுத்துக்கொண்டு போனாள். நடைபாதை நெடுக மலாயில் என்னவோ சொல்லிக்கொண்டே போனாள், ஒரு சொல்லைக்கூட முழுங்காமல்.