ஏணிக்கு வரைந்த சுவர்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படத்துக்குத் தனி மார்க் உண்டு. பதிலை எழுதி முடித்து, கீழே கோடு போட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் பென்சிலால் படம் வரைய வேண்டும். இதயமோ கண்ணோ மின்மோட்டாரோ, எதுவானாலும் நிழல் அடித்துப் பாகம் குறித்துச் சுற்றிலும் கட்டம் கட்டிவிட்டால் திருத்துகிறவர் மனம் குளிர்ந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு வரைகிற கை. பத்தாம் வகுப்பில் நான் வரைந்த இதயத்தை அப்பா சட்டம் போட்டு, மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் பலசரக்குக் கடையில் மாட்டினார். உப்பு வாங்க வருகிறவர்களைக்கூட நிறுத்திவைத்துக் காட்டுவார். எனக்கு மானம் போகும். உள்ளுக்குள் சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் அது பொய்.

அந்தக் கையோடுதான் திருவனந்தபுரத்துக்கு சிவில் என்ஜினீயரிங் படிக்க வந்தேன். முதல் வருஷத்தில் ஸ்டாடிக்ஸ் என்றொரு பாடம். சாய்த்து வைத்த ஏணி, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, கயிற்றில் தொங்கும் விளக்கு என்று அசையாமல் நிற்கிற பொருள்களாகவே வரும். எது எதை எவ்வளவு தள்ளுகிறது, எவ்வளவு இழுக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சும்மா நிற்கிற ஏணியைப் பற்றிக் கேட்பதற்கு அப்படி என்ன இருக்கப்போகிறது என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். முதல் தடவையும் போச்சு, இரண்டாம் தடவையும் போச்சு.

தோற்ற பேப்பரைத் திரும்ப எழுதுவதற்கு இங்கே ‘சப்ளி’ என்று பேர். சப்ளியிலும் தோற்றதால் என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் மேல் வகுப்புக்குப் போக, நான் மட்டும் ஒரு வருஷம் வெளியே நின்றேன். இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. இந்த முறையும் போனால் படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்து உட்காருகிறேன் என்று அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. கோபம் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. சொன்ன பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். ஊரில் பெண்பிள்ளைகளுக்கு அப்படி ஒரு இடைவெளி விழுந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கா தெரியாது?

வலியசாலையில் ஒரு மாடி அறையில் இருந்தேன். வாரம் தவறாமல் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தவள் போவதை நிறுத்தினேன். போனால், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே படிப்பு எப்படிப் போகிறது என்று யாராவது கேட்பார்கள். இங்கேயோ கேட்பதற்கே ஆள் இல்லை. மலையாளம் எனக்குப் புரியும். பேசினால் என் இழுப்பைக் கேட்டு எதிரே இருப்பவர் லேசாகச் சிரிப்பார். அதனால் பேச்சைக் குறைத்தேன். சில நாள் காலையிலிருந்து இருட்டும்வரை நான் பேசியது, சாயாக்கடையில் “ஒரு சாயா” என்பது மட்டும்தான். அப்பா போன் செய்வார். சாப்பிட்டாயா என்பார், அடுத்ததாகப் படமெல்லாம் நன்றாக வரைகிறாயா என்பார். கணக்குக்குப் படம் எதற்கு என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எனக்கும்தான்.

அறையில் கூட இருந்தவள் கொல்லத்துக்காரி, என் பழைய வகுப்புத் தோழி. நல்லவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஏணிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது, ஒரு ஆள் முக்கால் உயரம் ஏறி நிற்கிறான், ஏணி வழுக்காமல் இருக்கத் தரை எவ்வளவு பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது கேள்வி. கைடில் மனப்பாடம் செய்த சமன்பாடுகளை எழுதி முடித்துவிட்டுப் படத்தை ஆரம்பித்தேன். ஏணிக்குப் படி வைத்து, ஆளுக்குத் தொப்பி போட்டு, சுவருக்குச் செங்கல் செங்கலாக வரைந்து நிழல் அடித்துக்கொண்டிருந்தபோது அவள் தோள்மேல் எட்டிப் பார்த்தாள்.

“சுவரு எந்தினாடீ வரய்க்குந்நே?” என்றாள். சுவரை எதற்கு வரைகிறாய் என்று கேட்கிறாள்.

படத்துக்கு மார்க் உண்டே, சுவர் இல்லாமல் ஏணி எப்படி நிற்கும் என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கட்டிலில் விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், படத்தை முதலில் போட வேண்டும், சுவரை எடுத்துவிட்டு அது தள்ளுவதை மட்டும் ஒரு அம்பாகக் காட்ட வேண்டும், பிறகுதான் கணக்கே ஆரம்பம், இதுகூடத் தெரியாமலா இத்தனை நாள் எழுதினாய் என்று கேட்டாள். வகுப்பில் இதைச் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? சொல்லியிருப்பார்கள். படம் என்றதுமே அது கடைசியில்தானே என்று என் காது மூடிக்கொண்டிருக்கும். எனக்கு முகம் எரிந்தது. உன் வேலையைப் பார் என்று தமிழில் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் அவளும் அவள் வகுப்புப் பெண்களும் சேர்ந்து கல்லூரிக்குப் பக்கத்தில் வீடு எடுத்துப் போனார்கள். முன்பே பேசிவைத்திருந்ததுதான், என்னால் இல்லை. ஆனாலும் அந்தக் காலிக் கட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் என்னால்தான் என்று தோன்றும்.

அவள் சொன்னது வார்த்தையாகப் புரிந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. சுவரைத்தான் வரைந்துவிட்டோமே, அது தள்ளுவதைத் தனியாக வேறு காட்டுவானேன்? இதிலேயேதான் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டேன். நானாக எழுதினால் சமன்பாட்டில் சுவர் தள்ளுவதே வராது. ஆள் நிற்கிற இடத்தைக் கேள்வியில் கொஞ்சம் மாற்றிவிட்டால் மனப்பாடம் கைவிட்டுவிடும்.

ஒரு மத்தியானம் வெறுத்துப்போய் மர ஸ்கேலை எடுத்து அறைச் சுவரில் சாய்த்தேன். மொசைக் தரையில் அடி வழுக்கி, சடாரென்று விழுந்தது. மறுபடி சாய்த்து, வழுக்குகிற அடியைக் கால் பெருவிரலால் தடுத்தேன். நின்றது. விரலை ஸ்கேல் வெளிப்பக்கம் தள்ளியது. விரல் அதைச் சுவர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. தரை செய்ய வேண்டிய வேலையை என் விரல் செய்கிறது என்று புரிந்ததும் எழுந்து அறை நடுவுக்கு வந்துவிட்டேன். அடியில் கால் விரல், நுனியில் சுவருக்குப் பதில் உள்ளங்கை. ஸ்கேல் அப்படியே சாய்ந்து நின்றது. பெட்டியில் கிடந்த பூட்டை நூலில் கட்டி அதில் தொங்கவிட்டு, மெல்ல மேலே நகர்த்தினேன். மேலே போகப் போக உள்ளங்கையில் அழுத்தம் கூடியது. ஆள் ஏணியில் ஏறுகிறான்! சுவர் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. தேவையான அளவு தள்ளுவதற்கு ஏதோ ஒன்று இருந்தால் போதும், அது செங்கல்லா என் கையா என்று ஏணி கேட்கப்போவதில்லை.

அப்படியே குனிந்தபடி நின்றேன். யாரையாவது கூப்பிட்டு, இங்கே பாரேன் என்று காட்ட வேண்டும்போல் இருந்தது. காலிக் கட்டிலைத்தான் பார்த்தேன். கொல்லத்துக்காரிக்கு ஒரு செய்தி அடித்து, அனுப்பாமல் அழித்தேன். அழுகை வந்தது. புரிந்ததற்காக ஒருத்தி அழுவாளா? நான் அழுதேன்.

பிறகு கணக்குகள் வழிக்கு வந்தன. கம்பி, கயிறு, கப்பி எதுவானாலும் முதலில் பொருளை மட்டும் வெறும் கோடாகப் போடுவேன், அதைத் தொட்டுக்கொண்டிருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு அந்தந்த இடத்தில் அம்பு வைப்பேன். நிழல் கிடையாது, செங்கல் கிடையாது. கை பழக்கத்தில் சுவர் வரையப் போகும், பிடித்து நிறுத்துவேன். வரைகிற கையைத் தடுப்பது எனக்கு என்னவோபோல் இருந்தது.

பரீட்சை அன்று காலை பழவங்காடியில் இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். பக்கத்தில் உடைத்த பெண்ணோடு அவள் அம்மா வந்திருந்தாள். வினாத்தாளில் ஏணி வந்திருந்தது. ஆள் பாதி உயரத்தில் நின்றான். ஒரு சாய்ந்த கோடு, ஐந்து அம்புகள். இரண்டு எடைகள் கீழே, தரை மேலே தள்ளுவது ஒன்று, தரை பிடித்துக்கொள்வது ஒன்று, சுவர் தள்ளுவது ஒன்று. எழுதி முடித்த பிறகு தாளில் இடம் நிறைய மிச்சமிருந்தது. பென்சிலை எடுத்து, திரும்ப டப்பாவில் வைத்தேன்.

ரிசல்ட் வந்த சாயங்காலம் அறையில்தான் இருந்தேன். போனில் என் பதிவெண்ணுக்கு நேரே பாஸ் என்றிருந்தது. பக்கத்தை மூடித் திறந்து இன்னொரு முறை பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். கடையில் கூட்டம், பின்னால் தராசுத் தட்டுச் சத்தம். பாஸ் என்றேன்.

“எனக்குத் தெரியும் மக்களே,” என்றார். “படம் நல்லா வரஞ்சியா?”

ஐந்து அம்புகளை எப்படிச் சொல்வது? எங்கிருந்து தொடங்கினாலும், கடையில் மாட்டியிருக்கும் அந்த இதயப் படத்தில் போய்த்தான் முட்டும்.

“வரஞ்சேன்பா. ஏணி, தொப்பி வச்ச ஆளு, பின்னால சுவரு. ஒவ்வொரு கல்லா வரஞ்சேன்.”

“அதான் பாத்தேன்,” என்றார். போனை வைக்காமலே, கடையில் நின்ற யாரிடமோ, “எம் பிள்ளை படத்துலயே பாஸாயிட்டா, கேட்டியளா,” என்று சொல்வது கேட்டது. அந்த ஆளும் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை போனைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.