ரம்யாவுக்குச் சேர்ந்த ஷேடு

என் அக்கா ஜெயசுதாவுக்குக் கள்ளக்குறிச்சியில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் பியூட்டி பார்லர். பதினோரு வருடமாக அங்கேதான். மணப்பெண் மேக்கப்பில் அவளுக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. முகத்தை மாவாக வெளுத்துவிட்டுக் கழுத்தைக் கறுப்பாக விடமாட்டாள். ஃபவுண்டேஷனைத் தாடை ஓரத்தில் கோடு கோடாகத் தடவி, பெண்ணை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைப்பாள். எந்தக் கோடு தோலோடு கலந்து காணாமல் போகிறதோ அதுதான் அந்தப் பெண்ணின் ஷேடு. அதன் நம்பரை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். "இன்னும் கொஞ்சம் கலரா போடக் கூடாதா?" என்று கேட்கும் தாய்மார்களிடம், "நாளைக்கு மூஞ்சி கழுவனா மாப்ள யாருடி நீன்னு கேப்பாரு, பரவால்லியா?" என்பாள்.

நான் டொரொண்டோவில் இருக்கிறேன். ஊருக்கு வரும்போது அவளுக்கு இரண்டு மூன்று ஃபவுண்டேஷன் பாட்டில் வாங்கி வருவேன். கடை வெளிச்சத்தில் எனக்கு எந்த நிறமும் பிடிபடாது. இதுவா அதுவா என்று பதறி, கடைசியில் தவறானதையே எடுப்பேன். போன முறை எடுத்தது பாலாடையைவிட வெளிர்.

"எந்த ஊரு மூஞ்சிக்குடி இத வாங்கினு வந்த? நம்ம ஜில்லாவுலயே ஒருத்திக்கும் சேராது" என்று சிரித்து அலமாரியில் போட்டாள்.

ஒருத்திக்குச் சேர்ந்தது.

கச்சிராயபாளையத்தில் கரும்பு போடும் நாராயணசாமியின் மகள் ரம்யா. நிச்சயதார்த்தத்துக்கும் அக்காதான் மேக்கப். நான்கு மாதம் கழித்து, கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஷேடு பார்க்க அம்மா அம்சவள்ளியோடும் அத்தையோடும் வந்தாள். மாடி ஏறி வந்தவள் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

அக்கா நோட்டைப் பார்த்துப் பழைய நம்பரைத் தடவினாள். சேறு அப்பியதுபோல் தனியாகத் தெரிந்தது. அதைவிட வெளிரான அடுத்த நம்பரும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"இன்னாடி ரம்யா, நாலு மாசத்துல இப்டி வெளுத்துட்ட?"

"வூட்ட வுட்டு வெளிய அனுப்பலயே" என்றாள் அம்சவள்ளி பெருமையாக. "நிச்சயம் ஆனதுலேர்ந்து வெயிலே காட்டல. கொல்லப் பக்கம்கூட போவல. கலர் வந்துகினே இருக்குது."

"எங்க வூட்டு ரெண்டு கழுதைங்களயும் நாளைலேர்ந்து உள்ள தள்ளிப் பூட்டறேன்" என்றாள் அத்தை. ரம்யா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே மூச்சுக்காக நின்றது.

அக்கா என் பாட்டிலை எடுத்துத் தடவினாள். கோடு காணாமல் போனது.

வெயில் படாமல் வெளுத்த தோலுக்கு அடியில் ஒரு சிவப்பு இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ரம்யாவின் காதுமடல் மெழுகுபோல் இருந்தது. உதடும் அப்படியே. அக்கா அவள் நகத்தை அழுத்திப் பார்த்தாள். அழுத்தியபோதும் விட்டபோதும் ஒரே நிறம். முழங்கையில் நீலத் திட்டுகள்.

"எங்கியாவது இடிச்சிக்கினியா?"

"தெரியலக்கா. தானா வருது."

அம்சவள்ளியை மட்டும் வெளியே கூப்பிட்டு, "ரத்தம் ஒரு தடவ பாத்துடுங்கக்கா. இது கலர் இல்ல" என்றாள் அக்கா.

"வாய மூடு சுதா. பத்திரிக வெச்சி முடிச்சாச்சி. மாப்ள வூடு இதோ இருக்கற சின்னசேலம். ஆஸ்பத்திரி வாசல்ல எவளாவது பாத்து, பொண்ணுக்கு நோவுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். தாலி ஏறட்டும், மறுவாரமே நானே இட்டுகினு போறேன். நீ அழகா பண்ணி வுடு, உனக்குப் புண்ணியமா போவும்."

அன்று அக்கா எனக்குப் போன் செய்தாள். "வெள்ளத் தோலுங்க நடுவுல இருக்கற. இதுக்கு எப்டிடி போடறது?"

"ரத்தம் பாக்கச் சொன்னியா?"

"சொன்னேன். கேக்கல."

ரம்யாவின் அப்பாவிடம் சொல், இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டிலேயே சொல்லிவிடு என்று நான் சொல்லியிருக்கலாம். கல்யாணம் நின்றால் பழி அக்கா மேல் வருமே என்று பயந்தேன். இங்கே கடைப் பெண்கள் சொல்லக் கேட்டதை வைத்து, ஷேடு பற்றி மட்டும் விவரமாகச் சொன்னேன். மஞ்சள் சாயல் வேண்டாம், முகம் சாம்பலாகிவிடும். இளஞ்சிவப்புச் சாயல் உள்ளதை மெலிசாகப் போடு. கன்னத்துக்கு பிளஷ் போடும்போது காதுமடலுக்கும் கொஞ்சம் தொட்டுவிடு.

அப்படியே செய்தாள். நகத்துக்குக் கருஞ்சிவப்புப் பாலிஷ், முழங்கைவரை மருதாணி. அக்கா செய்ததிலேயே சிறந்த வேலை அதுதான். "ரோசாப்பூ கணக்கா இருக்குது பொண்ணு" என்று மாமியார் தங்கமணி ஊரையே கூப்பிட்டுக் காட்டினாராம்.

மறுவாரம் மறுவீடு வந்தது. பிறகு விருந்துகள். ஆஸ்பத்திரிக்கு நாள் அமையவில்லை. ஐந்தாம் வாரம் ரம்யா அடுப்படியில் மயங்கி விழுந்தாள். சேலத்தில் ரத்தப் புற்று என்றார்கள். பதினெட்டு நாள் இருந்தாள். முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று நாராயணசாமி கேட்டதற்கு, முயன்று பார்த்திருக்கலாம் என்று மட்டும் டாக்டர் சொன்னாராம்.

அக்கா சின்னசேலத்துக்குப் போனாள். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர். போட்டிருந்தது கல்யாண போட்டோ. கன்னமும் காதுமடலும் சிவந்து, ரம்யா ஆரோக்கியமாகச் சிரித்தாள். வீட்டு வாசலில் பேச்சு முற்றியிருந்தது. நோயாளிப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மாப்பிள்ளை பக்கத்து ஆள் ஒருவர் கத்த, நாராயணசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தங்கமணி அக்காவைப் பார்த்துவிட்டார்.

"நீதானமா அன்னிக்கு மேக்கப் போட்டவ? கிட்ட இருந்து பாத்தவ நீதான். சொல்லு. பொண்ணு நல்லா இருந்தாளா, இல்லியா?"

பிணத்தின் தலைமாட்டிலிருந்து அம்சவள்ளி நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாதாங்க இருந்தா" என்றாள் அக்கா.

அம்சவள்ளி தரையில் நெற்றியை மோதிக்கொண்டு அழுதாள். கத்திய ஆள் அடங்கிப்போனார்.

இதை அக்கா என்னிடம் சொன்னது பத்து நாள் கழித்து. "பெத்தவ எதிர்ல வேற இன்னாடி சொல்றது?" என்றாள். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன்.

"வுடு. நீயுந்தான சொல்லல" என்றாள். குரலில் கோபம் இல்லை.

இப்போதும் வாரம் ஒருமுறை பேசுகிறோம். கோமுகி அணையில் தண்ணீர் எவ்வளவு, பிள்ளைகள் படிப்பு எப்படி என்று கேட்டுக்கொள்கிறோம். ரம்யாவின் பெயரை இருவருமே எடுப்பதில்லை.