இலையில்லாச் செடி வாங்க நாகலூருக்கு

செடி தானாகப் பட்டுப்போகவில்லை, பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டது நான்தான் என்பதை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

சேலத்தில் எங்கள் மாடிவீட்டு சகுந்தலா அக்கா, மகளின் பிரசவத்துக்குப் பெங்களூர் போனபோது தொட்டிச்செடிகளை என்னிடம் விட்டுப்போனார். அவற்றில் அவர் உயிராக வைத்திருந்தது லேகர்ஸ்ட்ரோமியா. இடுப்புயரப் புதர், கசக்கிய காகிதம்போல் வெள்ளைப் பூ. ஜனவரியில் ஓர் இலைகூட இல்லாமல் குச்சியாக நின்றது. நான் கொன்றுவிட்டதாக நினைத்துப் பிடுங்கினேன். திங்கட்கிழமை அக்கா திரும்புகிறார். சேலத்து நர்சரிகள் மூன்றிலும் அந்தச் செடி இல்லை. ஏற்காட்டு மலையில் நாகலூரில் ஒரு வீட்டில் கிடைக்கும் என்றார்கள்.

சனிக்கிழமை காலை 6.40க்கு பஸ். இருபது கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றுபவர்கள் முன்சீட்டில் உட்காருவது நல்லது. எட்டு மணிக்கு ஏற்காடு. ஒரு டீ குடித்துவிட்டு 8.35க்கு நாகலூர் பஸ், பத்து கிலோமீட்டர் போல. வழியெல்லாம் காப்பிப்பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

செடி விற்கும் ஸ்டெல்லா அம்மா வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை கட்டியிருக்கிறார். நான் இலையுள்ள செடியாகத் தேடினேன். அவர் ஓரத்திலிருந்த குச்சி வரிசையைக் காட்டினார். இதுவும் பட்டுப்போச்சா என்று கேட்டேன்.

"ஏனுங்க, மனுசன் தூங்குனா தூக்கிப் பொதைச்சுருவீங்களா?" என்று சிரித்தார். ஒரு கிளையை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை. "நொம்பத் தண்ணி ஊத்தாம உட்டா மாசியில துளுத்துருமுங்க. உங்க செடியச் சுரண்டிப் பாத்தீங்களா கண்ணு?"

பார்த்தேன் என்றேன்.

வெள்ளைதானே என்று கேட்டதற்கு, வெள்ளையும் ரோஸும் கலந்து கிடக்கின்றன, எழுதி வைத்தது மழையில் அழிந்துவிட்டது என்றார். "பூத்தாத்தான் தெரியும்."

நூற்று எண்பது ரூபாய். அக்காவின் செடியைவிடக் குட்டை. கத்தரித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மா, "பட்ட குச்சியை மடியில வெச்சுட்டு எங்க போற சாமி?" என்றார். தூங்குது என்றேன். காலை ஒதுக்கி இடம் கொடுத்தார்.

இந்த வகைச் செடி வாங்க நினைப்பவர்களுக்கு: நிறம் முக்கியமென்றால் பூத்திருக்கும்போதே வாங்குங்கள். தொட்டி ஆறு மணி நேரமாவது வெயிலில் இருக்க வேண்டும். இலையுதிர்ந்த மாதங்களில் தண்ணீரைக் குறைத்து, துளிர்க்கும் முன் மூன்றில் ஒரு பங்கு கத்தரித்தால் போதும், புதுக்கிளையில்தான் பூக்கும். ஏற்காட்டு ஹைட்ரேஞ்சியாவைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், அது சேலத்து வெயிலைத் தாங்காது. எதையும் பிடுங்கும் முன் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

திங்கட்கிழமை வந்ததும் அக்கா நேராகத் தொட்டியிடம் போனார். "பட்டுப்போச்சுன்னு பிடுங்கிப் போட்டுருவியோன்னு அங்க உக்காந்து பயந்துட்டே இருந்தேன், கண்ணு" என்றார். சிரித்து வைத்தேன்.

மே இரண்டாவது வாரம் செடி பூத்தது. ரோஸ் நிறம். அக்கா மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். போய், பிடுங்கிப் போட்டதைச் சொன்னேன்.